ஆறு மணி ஆகாத முகாம்

எங்கள் முகாமில் ஒரு மாசி மாதத்துச் சாயங்காலம் ஆறு மணி ஆகாமல் நின்றுவிட்டது. சூரியன் மொட்டைப்பாறையின் தோள்மேல் வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது, வேலியோரத்துக் கருவேல மரங்களின் நிழல் நீண்டு போய்க் குளியலறைத் தகரத்தைத் தொட்டு அதற்குமேல் ஓர் அங்குலமும் போகாமல் படுத்துக்கொண்டது, கோழிகள் கூட்டுக்குள் போவதா வேண்டாமா என்று கழுத்தைச் சாய்த்து நின்றன, கைபேசியில் நேரம் பார்த்தவர்களுக்கு ஆறுக்கு ஒரு நிமிஷம் இருக்கிறது என்று காட்டியது, தட்டித் தட்டிப் பார்த்தவர்களுக்கும் அதையே காட்டியது. யாரும் அலறவில்லை. எதிர்வீட்டுப் புஷ்பராணி மாமி மட்டும் மாவு அப்பிய கையோடு வெளியே வந்து வானத்தை ஒருதரம் பார்த்து, "பெடியள் இன்னும் வரேல்லை எல்லோ, அதுதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் எதையோ விட்டுவிட்டு வந்தவர்போல் உள்ளே போய்விட்டார்.

மாமி பெடியள் என்றது எங்கள் வயதுக்காரர்களை, பெண்களையும் சேர்த்துத்தான். மாமியின் தலைமுறை சண்டைக்குத் தப்பி இலங்கையிலிருந்து படகில் வந்தது. நாங்கள் வரவில்லை, இங்கேயே இருந்தோம், இந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் தேசிய கீதம் பாடி, இந்த ஊர்க் கிணறுகளில் நீச்சல் பழகி, வீட்டில் ஒரு தமிழும் ரோட்டில் ஒரு தமிழும் பேசி வளர்ந்தோம், ஆனால் எந்தப் படிவத்திலும் எந்த நாட்டவர் என்று கேட்கிற இடத்தில் எங்களுக்கு ஒரு கோடு மட்டும் போட்டார்கள். என் வீட்டுக்காரர் சுகிர்தன் என்ஜினியரிங் படித்துவிட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார், அதற்கு அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை, வெள்ளை அடித்த முகத்தோடு வந்து குழந்தையைப் பயமுறுத்துவது அவருக்குப் பிடித்த விளையாட்டு. ஆனால் எங்கள் நிலானி பிறந்து, ஞானஸ்நானத்துக்கு முன்பே அவள் பெயர் முகாம் பதிவில் ஏறி, அவளுக்கும் அந்த இடத்தில் கோடு விழுந்தபோது, அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பல்லே முளைக்கல, அதுக்குள்ள கோடா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், அந்தக் கோட்டை அழித்து என் பிள்ளைக்கு ஒரு நாட்டை எழுதுகிறவர்கள் யாராவது எழுதட்டும், எழுதும்போது அவள் அப்பா பக்கத்தில் இருக்கட்டும்.

புஷ்பராணி மாமியின் மகன் துவாரகன்தான் எல்லோரையும் சேர்த்தான். சட்டம் படிக்கிறவன், கூட்டத்தில் பேசினால் மழை பெய்கிற மாதிரி பேசுவான், மாலையில் தண்ணீர்த் தொட்டியடியில் அவன் பேச ஆரம்பித்தால் கேரம் போர்டைக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காருவார்கள். கலெக்டர் ஆபீஸ் மைதானத்தில் போய் உட்காருவது, குடியுரிமை தருவதாக எழுத்தில் உத்தரவு வரும்வரை எழுந்திருக்காமல் இருப்பது என்று முடிவாயிற்று. அட்டைகளில் வாசகம் எழுதியது நான். கான்வென்டில் படித்த கையெழுத்து, அச்சுப் போல இருக்கும் என்று துவாரகன் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். 'பிறந்த மண்ணில் அகதி' என்று எழுதும்போதே யாராவது பார்க்கிறார்களா என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்கவும் கூப்பிடாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் சிஸ்டர்மார் என்னை நன்றாகவே பழக்கியிருந்தார்கள். என் பயம் முகாமில் பிரசித்தம். பல்லிக்கு, போலீசுக்கு, போஸ்ட்மேனுக்குக்கூடப் பயப்படுகிறவள் என்று சின்னப் பிள்ளைகள்வரை கேலி செய்வார்கள்.

"என்ன ஜெனி, இப்படி ஒரு மூஞ்சி?" என்றார் சுகிர்தன், போகிற அன்று சட்டையை மாட்டிக்கொண்டே. "உத்தரவ வாங்கிட்டு ஆறுக்குள்ள வந்துடுவேன்."

"வரலேன்னா?"

"வரலேன்னா ஆறு ஆகாது, போ."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆறு மணிக்கு எங்களுக்கு செக்கிங். ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளரும், அகதிகளைக் கண்காணிக்கிற கியூ பிராஞ்ச் போலீஸ்காரர் ஒருவரும் வந்து தொட்டியடியில் நின்று பேர் வாசிப்பார்கள், நாங்கள் அவரவர் வாசலில் நின்று 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும், சொல்லாதவர் பெயர் வெட்டுப்படும், பெயர் வெட்டுப்பட்ட ஆளை எங்கே பார்த்தாலும் பிடித்துச் சிறப்பு முகாமில் பூட்டலாம், பூட்டினால் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வேலைக்குப் போனவர் வரத் தாமதமானால் பக்கத்து வாசல்காரர் அவருக்கும் சேர்த்து உள்ளேன் சொல்லிவிடுவது எங்கள் பழக்கம். இதைக் கற்றுக்கொடுக்க யாரும் தேவையில்லை, நடக்கப் பழகுகிற வயதில் பிள்ளைகளுக்கு அதுவும் வந்துவிடும். அதிகாரிகளுக்கும் தெரியும், கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் அன்று வரிசை வரிசையாக வாசல்கள் ஆளில்லாமல் கிடந்தன, ஒவ்வொரு முகத்தையும் பார்த்து வாசிக்கும்படி மேலிடத்து உத்தரவும் இருந்தது, எத்தனை வாய் எத்தனை பேருக்காகப் பொய் சொல்ல முடியும்? எங்களால் முடியாததை வானம் செய்தது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

முகாமுக்கு மேலே மட்டும்தான் அப்படி. தார்ரோட்டைத் தாண்டினால் ஊருக்கு இரவும் பகலும் ஒழுங்காக வந்து போயின. ஆய்வாளர் அவருடைய ஊர் ஆறு மணிக்குக் கிளம்பி வருவார், கேட்டைத் தாண்டினதும் கண் கூசிக் கையை நெற்றியில் வைப்பார், "என்னம்மா, இன்னும் உங்களுக்கு ஆகலையா?" என்பார், தொட்டியடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார், தன் வாட்ச்சைப் பார்ப்பார், அது உள்ளே வந்ததும் நின்றிருக்கும், எழுந்து போய்விடுவார். ஆறு ஆகாமல் செக்கிங் வைக்க அவருக்கு விதி இல்லை. நாங்கள் வெளியே போகலாமென்றால் கேட்டில் நிற்கிற போலீஸ்காரர், "எங்க கிளம்பிட்டீங்க, ஆறு ஆகப்போகுது, உள்ள போங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார், எப்போது போனாலும் ஆறு ஆகப்போகிற நேரமாகவே இருந்ததால் யாரும் எங்கும் போக முடியவில்லை.

ஊர்க்காரர்கள் வந்தார்கள். முதலில் வேடிக்கை பார்க்க, பிறகு பெண்கள் பாயோடு வந்து எங்கள் வாசல்களில் வடகம் பிழிந்து போட்டார்கள், மிளகாய் காயவைத்தார்கள், அணையாத வெயில், ஆனால் தலையைச் சுடாத வெயில், இதுபோல உண்டா என்று மெச்சினார்கள். அப்புறம் கல்யாண ஜோடிகள் போட்டோக்காரர்களோடு வந்தார்கள். அந்தப் பொன் வெளிச்சத்தில் யார் நின்றாலும் அழகாகத் தெரிந்தார்கள், எங்கள் கழிவு வாய்க்காலே நகைபோல மின்னியது. பட்டுப்புடவை கட்டின ஒரு பெண் என் வாசற்படியில் சாய்ந்து நிற்க, போட்டோக்காரர், "அக்கா, அந்தக் கொடியில இருக்கிற துணிய மட்டும் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். சுகிர்தனின் சட்டையை எடுத்து உள்ளே வைத்தேன். பஜ்ஜி போடுகிற மரியதாஸ் அண்ணனுக்குச் சட்டி ஆறவே இல்லை. அந்திமந்தாரை பூத்தது பூத்தபடி நின்று, நின்று நின்று இதழெல்லாம் பழைய சேலை மாதிரி நைந்துபோயிற்று.

எங்களுக்கும் அது முதலில் திருவிழாதான். ஆனால் இருட்டாத இடத்தில் குழந்தைகள் தூங்குவதில்லை. நிலானி கண்ணை மூடுவாள், இமைக்குள் செம்மண் நிறத்தில் வெளிச்சம் பாய, விழித்து அழுவாள். எல்லாத் தொட்டில்களும் ஆடிக்கொண்டே இருந்தன. மாதம் முடியாததால் மாதத்து அரிசி வரவில்லை. துணியை மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு ஆண்கள் படுத்தார்கள், எழுந்தால் அதே சாயங்காலம், எழுந்தவர்கள் மனைவியோடு சண்டை போட்டார்கள். பெடியளிடமிருந்து பால்காரர் மூலம் ஒரே செய்திதான் வரும், உட்கார்ந்திருக்கிறார்கள், சுகம். அவர்களுக்கு போன் போட முடியாது. வீட்டு அழுகை காதில் விழுந்தால் உட்கார்ந்திருக்க முடியாது என்று சொல்லித் துவாரகன் முதல் நாளே எல்லோருடைய போனையும் அணைத்து ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டான். சரியான பேச்சு என்று நானே அப்போது நினைத்தேன். ஆனாலும் சும்மா சும்மா அவர் நம்பரை அழுத்துவேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொல்வாள், அவள் குரலாவது கேட்கட்டும் என்று இருப்பேன்.

ஒருநாள், நாள் என்று சொல்லக்கூடாது, அந்தச் சாயங்காலத்தின் ஏதோ ஓர் இடத்தில், ஆய்வாளர் வழக்கம்போல ஸ்டூலில் உட்காராமல் நின்றபடி பேசினார்.

"நான் சொல்றத நல்லாக் கேட்டுக்குங்க. பள்ளிக்கூடம் போகாத வயசுப் பிள்ளைங்களுக்குக் குடியுரிமைப் பேப்பர் தர்றதாப் பேச்சு முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு கண்டிஷன், இன்னைக்கு செக்கிங் ஒழுங்கா நடக்கணும்."

"ஆறு ஆகலையே சார்" என்றார் மரியதாஸ் அண்ணன்.

"செக்கிங் முடிஞ்சு போறப்பல்லாம் பாக்குறேன், இருட்டினா நீங்க என்ன செய்றீங்க? உள்ள போய்க் கதவச் சாத்துறீங்க. சாத்துங்க, ஆறாகுதா இல்லையா பாப்போம்."

"மைதானத்துக்குப் போன பிள்ளைங்க இன்னும் வெளிய இருக்காங்களே?" என்று கேட்டது என் குரல்தான்.

"உங்க பசங்க ஒத்துக்கிட்டாங்கம்மா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

எந்தப் பசங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்போது புஷ்பராணி மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போய், தன் வீட்டுக்குள் நுழைந்து தகரக் கதவை இழுத்துச் சாத்தினார். சாத்தின உடனே சூரியன் பாறையின் தோளிலிருந்து ஒரு விரற்கடை சறுக்கிக் கீழே இறங்கியது.

"மகனை ரோட்டில விட்டவவே சாத்திப்போட்டா" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். "அவவுக்கே மனம் வந்தால் எங்களுக்கென்ன?" துவாரகனைப் பெற்றவர் சாத்தினபிறகு சாத்துவது பாவமாக யாருக்கும் தோன்றவில்லை. மரியதாஸ் அண்ணன் சட்டியை இறக்கிவிட்டுப் போய்ச் சாத்தினார். இரட்டைப் பிள்ளைக்காரி சாத்தினாள். ஒவ்வொரு தகரமும் இழுபட, வெளிச்சம் ஒவ்வொரு விரற்கடையாக இறங்கியது, நிழல்கள் வெகுகாலம் படுத்திருந்த இடத்திலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு நகர்ந்தன, கோழிகள் கூட்டுக்குள் போயின.

நான் என் வாசலில் நிலானியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போல அவர் நம்பரை அழுத்தினேன்.

மணி அடித்தது. காதில் அடித்த அதே நேரத்தில் எதிர்வீட்டுத் தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து என் பிள்ளை சிரித்தாள்.

சுகிர்தன் தன் போனுக்கு மணிச் சத்தமாக வைத்திருந்தது நிலானியின் சிரிப்பை. முதன்முதலாக அவள் சத்தம் போட்டுச் சிரித்த அன்று பதிவு செய்தது, நடுவில் ஒரு விக்கலும் வரும். விக்கலோடு அது மாமியின் வீட்டுக்குள் சிரித்தது. என் இடுப்பில் இருந்தவள் தன் சிரிப்பைத் தானே கேட்டுக் கழுத்தைத் திருப்பினாள்.

ஓடிப்போய்த் தகரத்தை இழுத்தேன். உள்ளே சுவரோரம் ஒரு பை, அதிலிருந்து ஒவ்வொரு போனாக எடுத்து வரிசையாகச் சார்ஜ் போட்டிருந்தது. கட்டிலில் துவாரகன், குளித்துத் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, செக்கிங்குக்குத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"எப்படி வந்தே?"

"அக்கா..."

"எப்படிடா வந்தே?"

"ஆர்.ஐ. ஜீப்ல" என்றான். தரையைப் பார்த்தான். மழை பெய்கிற மாதிரிப் பேசுகிறவனுக்கு வாயில் ஈரமே இல்லை. "உட்கார்ந்து ஒன்னும் ஆகப்போறதில்லக்கா. அண்ணன் கனடாவிலிருந்து ஸ்பான்சர் பண்ணியிருக்கான், நாட்டவிட்டுப் போக எக்ஸிட் பர்மிட் தர்றோம்னாங்க. போராட்டம் முடிஞ்சதுன்னு சொல்லணும், அவ்வளவுதான் கேட்டாங்க."

"அங்க உட்கார்ந்திருக்கிறவங்க?"

"பேசிட்டு வரேன், நான் வர்ற வரைக்கும் யாரும் அசையக்கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"குழந்தைங்களுக்குப் பேப்பர்னு சொன்னாரே, அதாவது நிஜமா?"

"பரிசீலிக்கிறோம்னு சொன்னாங்க" என்றான்.

புஷ்பராணி மாமி அடுப்படியிலிருந்து வந்து எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். "பிள்ளை, சத்தம் போடாதை. எனக்கு இஞ்சை மிஞ்சினது இவன் ஒருத்தன்தான். போனெல்லாம் செத்துக் கிடந்தது, பெடியள் வந்தோன்ன கையில குடுக்கலாம், பாவங்கள் எண்டு நான்தான் சார்ஜில போட்டு ஓன் பண்ணி விட்டனான்." அந்த முகத்தில் கள்ளமே இல்லை. போன்களுக்குச் சார்ஜ் போட்ட அதே கையால்தான் கதவையும் சாத்தியிருந்தார், இரண்டும் அவருக்கு அன்புதான்.

நான் தெருவுக்கு வந்து கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. "துவாரகன் உள்ள இருக்கான்! நம்ம பிள்ளைங்கள ரோட்டுல விட்டுட்டு வந்து உள்ள இருக்கான்! பேப்பர் கிடையாது, யாரும் சாத்தாதீங்க!"

கேட்டார்கள். பாதிக் கதவில் கைவைத்தபடி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மரியதாஸ் அண்ணனின் மகள் கீர்த்தனாவும் அந்த மைதானத்தில்தான் இருந்தாள், அவர் சாத்தின கதவைக் கொஞ்சம் திறந்து என்னைப் பார்த்தார், கண் சிவந்து, எத்தனையோ காலமாகத் தூங்காத கண். "பரிசீலிக்கிறோம்னாவது சொல்லியிருக்காங்களேம்மா" என்றார். மறுபடி மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினார். தெரியாமல் சாத்தியவர்களை நான் மன்னித்துவிடுவேன். தெரிந்தபிறகு சத்தம் வராமல் சாத்தினார்களே, அதைத்தான் இன்றுவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மாமியும் தன் கதவை மறுபடி சாத்த, கடைசியில் என் கதவு ஒன்றுதான் திறந்திருந்தது. வானத்தில் என் வாசலின் அகலத்துக்கு ஒரு பட்டை வெளிச்சம் மிஞ்சியது. ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாத்திடும்மா, பிள்ளை தூங்கட்டும்" என்றார், நிஜமாகவே இரக்கமாகச் சொன்னார்.

அம்மிக் கல்லைப் புரட்டிக் கதவுக்கு அண்டை கொடுத்தேன். மாமியின் வீட்டுக்குள் போய்ச் சார்ஜர் வயர்களோடு போன்களை வாரிப் பையில் போட்டேன், துவாரகன் தடுக்கவில்லை, ஒரு போன் விழுந்தபோது எடுத்துக்கூடக் கொடுத்தான். பையைத் தோளில் மாட்டி, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். பெடியளைக் கூட்டிக்கொண்டு ஆறுக்குள் வந்துவிட வேண்டும், அதுவரை அந்தக் கல் நிற்க வேண்டும், அதுவரை அந்த ஒரு பட்டை வெளிச்சம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். கேட்டில் போலீஸ்காரர் இல்லை, செக்கிங்குக்காகத் தொட்டியடிக்குப் போயிருந்தார். தார்ரோட்டில் கால் வைப்பதற்குள் எனக்குப் பின்னால் கல் புரளுகிற சத்தம் கேட்டது, தகரம் இழுபடுகிற சத்தம் கேட்டது, முகாம் முழுவதும் ஒரே மூச்சில் இருண்டது. யாருடைய கை என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த ஒருவரை மட்டும் வெறுத்துவிட்டு மற்றவர்களோடு வாழ்ந்திருக்கலாம்.

எல்லோரையும் மறுபடி வாசலுக்குக் கூப்பிட்டுப் பேர் வாசிக்க ஆரம்பித்தார்கள். இருட்டில் குரல் நன்றாகக் கேட்டது. துவாரகன் என்றதும், "உள்ளேன் ஐயா." கீர்த்தனா என்றதும் ஒன்றுமில்லை. சுகிர்தன் என்றார்கள். நின்று கேட்டேன். எத்தனை சாயங்காலம் எத்தனை பேருக்காகப் பொய் சொன்ன தெரு அது, ஒரு வாயும் திறக்கவில்லை. அடுத்தது நான். ஜெனிற்றா என்றார்கள். புஷ்பராணி மாமியின் குரல், கொஞ்சமும் தயங்காமல், "உள்ளேன் ஐயா, பிள்ளைக்குப் பால் குடுக்கிறா" என்றது.

ரோட்டில் நான் கைகாட்டி ஏறின ஷேர் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்னங்க, உங்க பக்கமும் இருட்டிருச்சு? நாளைக்கு என் மச்சினன் ஜோடியப் போட்டோவுக்குக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்." நிலானி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போயிருந்தாள், அவ்வளவு கனமாக அவள் இருந்ததே இல்லை.

கலெக்டர் ஆபீஸ் மைதானத்தில் விளக்கை அணைத்திருந்தார்கள். சுற்றிலும் போலீஸ் வேன்கள் நின்றன, போலீஸ்காரர்கள் லத்தியை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள், யாரோ சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பது தெரிந்தது. நடுவில் எங்கள் பிள்ளைகள், துவாரகன் உட்காரவைத்த அதே வரிசையில், ஆளுக்கொரு அட்டையால் கொசு விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீர்த்தனாதான் முதலில் பார்த்தாள்.

"ஜெனி அக்காடா! அக்கா வந்திருக்காங்க!"

"எந்த ஜெனி அக்கா? போஸ்ட்மேனுக்குப் பயப்படுற அக்காவா?"

"டேய், அவங்களே தனியா வந்திருக்காங்கன்னா ஆர்டர் வந்திருச்சுடா!"

ஒருவன் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். போலீஸ்காரர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். தாடி வளர்ந்து கன்னம் ஒட்டிப்போயிருந்த ஒரு ஆள் வரிசையைக் குலைத்துக்கொண்டு ஓடி வந்தார், சுகிர்தன், என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கி அவள் தூக்கம் கலையாமல் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "கிடைச்சுதா ஜெனி?" என்று கேட்டார், நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். தோளில் பை கனத்தது. கைதட்டல் ஓய்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நின்றேன். அவர்கள் ஓயாமல் தட்டினார்கள்.